பன்னிரண்டில் ஒன்பது

இந்தியர்கள் குடியேறிய கரும்புத் தீவு ஒன்றில், பீனிக்ஸ் என்ற ஊரில், ஸ்வெட்டர் பின்னும் ஆலை ஒன்றில், சரிபார்க்கும் பிரிவுக்கு மேற்பார்வையாளராக இருந்தவள் பாக்கியம். ஆள் குள்ளம். குரல் மட்டும் ஆளைவிட இரண்டு மடங்கு. பின்னல் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒருத்தியைக் கூப்பிட்டால், கூப்பிடாத பத்துப் பேரும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பார்கள். அப்பேர்ப்பட்ட குரலைத் தானே பூட்டி வைத்துக்கொண்டு அவள் செய்த காரியம் ஒன்று உண்டு. மெட்ராஸிலிருந்து அங்கே வேலைக்குப் போன கம்ப்யூட்டர்க்காரன் பத்மநாபன், பிற்பாடு எந்த ஊருக்குப் போனாலும் அந்தக் கதையைச் சொல்லாமல் இருந்ததில்லை. சொல்லும்போது தன் முட்டாள்தனத்தையும் மறைக்காமல் சொல்வான். அதற்காகவே அவனை மன்னித்துவிடலாம்.

பாக்கியம் பிறந்தது அதே தீவின் தெற்கே, சுரினாம் என்ற கிராமத்தில். அப்பா கரும்பு வெட்டினார், அம்மா களை பிடுங்கினாள். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆலைகள் முளைக்கத் தொடங்கிய எழுபதுகளில், பத்தொன்பது வயதில், கரும்புத் தோட்டத்துக்குப் போகவே மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்று பஸ் ஏறி வந்துவிட்டாள். முதலில் நூல் முனைகளை வெட்டும் வேலை கொடுத்தார்கள். சரிபார்க்கிறவர்கள் கோட்டைவிட்ட ஓட்டைகளை அவள் நூல் வெட்டும் இடத்திலிருந்தே கண்டுபிடித்துக் கத்திக்கொண்டிருந்ததால், மூன்றே மாதத்தில் அவளைச் சரிபார்க்கும் மேசைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. இரண்டு கைகளையும் ஸ்வெட்டருக்குள் விட்டு விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பாள். பின்னலில் ஒரு கண்ணி விட்டிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. பிடிவாதக்காரி, வம்புக்காரி என்ற பெயர்களையும் அடுத்த பதினைந்து வருஷத்தில் குறைவில்லாமல் சம்பாதித்தாள். தங்கை பார்வதியையும் அழைத்துவந்து அதே பிரிவில் சேர்த்துவிட்டாள். பார்வதி படித்தது அக்காவைவிடக் குறைவு, பேசுவது அதைவிடவும் குறைவு. கை மட்டும் தங்கம்.

எண்பத்தொன்பதாம் வருஷம் ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதுவரை ஸ்வெட்டர்கள் இருபத்து நான்கு கொண்ட பண்டல்களாகப் போகும், ஒவ்வொரு பண்டலோடும் ஓர் அட்டை போகும். அட்டைகள் தொலைந்தன. ஐரோப்பாவில் பெட்டியைத் திறந்தவர்கள் எண்ணிக்கை குறைகிறதென்று சண்டைக்கு வந்தார்கள். இனிமேல் பெண்களே பண்டலின் எண், அளவு, எத்தனை துண்டு என்பதைத் திரையில் அடித்து, பெட்டி கட்டும் பிரிவுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று ஏற்பாடு. அதற்கான மென்பொருளைப் பத்மநாபன் எட்டு மாதம் உட்கார்ந்து எழுதினான். பக்கத்து ஊரான காத்ர் போர்னில் வாடகைக்குப் பிடித்த வீட்டில் அவன் மனைவி அலமு பேச ஆளில்லாமல் எட்டு மாதம் ரேடியோ கேட்டாள். நல்ல மூளைக்காரன் அவன். அந்த விஷயத்தில் அவனுக்கே சந்தேகம் கிடையாது.

எழுதியது பயன்படுகிறதா என்று அளக்க அவன் வைத்திருந்த முறை எளிமையானது. பன்னிரண்டு பெண்களைப் பொறுக்கி எடுப்பது. ஆளுக்கு ஒரு பண்டலைக் கொடுத்து, ஒவ்வொருத்தியாகத் திரைக்கு முன்னால் உட்கார வைப்பது. பிறர் உதவி இல்லாமல், பிழையும் இல்லாமல் எத்தனை பேர் வேலையை முடிக்கிறார்களோ, அந்த எண்தான் அந்த ஏற்பாட்டுக்கு மதிப்பெண். ஆலையின் இயக்குநர் ரொஜே பத்து என்று கோடு கிழித்தார். பன்னிரண்டில் பத்துப் பேர் முடித்தால் திங்கட்கிழமை முதல் அட்டைகளுக்கு விடை. போகிறபோக்கில் இன்னொன்றும் சொல்லிவைத்தார்.

"முடிக்கத் தெரியாதவங்களுக்கு இனிமே அந்தப் பிரிவுல இடமில்ல. படிச்ச பொண்ணுங்க எத்தனையோ பேர் கேட்டுக்கு வெளியில நிக்கிறாங்க."

இந்தச் செய்தி தேநீர் இடைவேளைக்குள் கூடம் முழுக்கப் பரவிவிட்டது.

அங்கே எல்லாரும் பேசுவது பிரெஞ்சு கலந்த கிரியோல் மொழி, ஐயா என்பதற்கு மிஸ்யே என்பார்கள். பாக்கியத்துக்குத் தெரிந்த தமிழெல்லாம் கோயில் பாட்டும் உறவுமுறைகளும்தான். பத்மநாபனுக்கு ஒரு வருஷத்தில் கிரியோல் கேட்டால் புரிந்தது, பேசினால் எல்லாரும் சிரித்தார்கள். ஆகவே பெண்களுக்கு வேலையைப் படித்துச் சொல்லப் பாக்கியத்தையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான். மென்பொருளை எழுதிய நாட்களில் அவனோடு உட்கார்ந்து சந்தேகம் தீர்த்தவளும் அவள்தான். அதனால் எந்த இடத்தில் எதை அடிக்க வேண்டும் என்பது அவளுக்கு அத்துப்படி.

புதன்கிழமை, கண்ணாடி போட்ட அலுவலக அறையில் சோதனை நடந்தது. கொடுத்த ஒவ்வொரு பண்டலிலும் இரண்டு துண்டுகள் கண்ணி விட்டவை, மீதி இருபத்திரண்டு நல்லவை, அந்த இருபத்திரண்டைத்தான் அடிக்க வேண்டும். முதல் பெண் சரியாக முடித்தாள். இரண்டாமவள் முடித்தாள். நான்காவது ஆள் உட்கார்ந்தபோதே பத்மநாபனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பன்னிரண்டு பேரும் முடித்தார்கள், பார்வதி உட்பட. ஒரு பிழை கிடையாது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு! ரொஜேயிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு, பிரிவு முழுமைக்கும் பருப்பு வைத்த டோல் பூரி வரவழைத்துக் கொடுத்தான். தான் பெற்ற பிள்ளைக்குத் தானே பரீட்சை வைத்துத் தானே மார்க் போடும் தகப்பனின் சந்தோஷம் அது.

ஐந்து மணிக்கு ஆலை பஸ் கிளம்பிப் போனது. அதில் போயிருக்க வேண்டிய பாக்கியம் அவன் அறை வாசலில் வந்து நின்றாள்.

"மிஸ்யே பத்மா, அந்தப் பன்னெண்டு பொய்."

"என்ன பொய்?"

"நான் இருமினேன்."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"ஐயோ! உடம்புக்கென்ன, கல்லாட்டம் இருக்கு. இருபத்தி நாலுன்னு அடிக்கப் போனா ஒரு இருமல். இருபத்திரண்டுன்னு அடிச்சா இருமல் கிடையாது. காலையில பஸ்ஸுலயே எல்லாரும் பேசி வச்சிட்டோம்."

பத்மநாபனுக்கு அன்றைய இருமல்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. மழைக்காலத்துச் சளி என்று எண்ணி, நடுவில் ஒரு தரம் அவனே அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருந்தான். முகம் சிவந்துவிட்டது.

"இத இப்ப வந்து சொல்றீங்களே! நான் டைரக்டர்கிட்ட சொல்லியாச்சு!"

"இருமலேன்னா என் பிரிவுப் பொண்ணுங்க வேலை போயிடும்னுதான் இருமினேன். அப்புறம் நீங்க சொன்னீங்க, திங்கட்கிழமை ஆறு லைன்ல ஆறு மெஷின் வைக்கிறோம்னு. ஆறு இடத்துல நின்னு நான் இரும முடியுமா? இதுவரைக்கும் ஓட்டை ஸ்வெட்டர நல்லதுன்னு நான் பெட்டிக்குள்ள போட்டதில்ல மிஸ்யே. இன்னிக்குப் போட்டுட்டேன். எனக்குச் சாப்பாடு இறங்கல."

அவள் வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறியிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பன்னிரண்டு பெண்களுக்கும் வேலை இருந்திருக்கும், அவனுக்கும் பாராட்டு வந்திருக்கும். வந்து சொன்னதால் எல்லாமே ஆட்டம் கண்டது. கோபம் தணிந்தபின் அவனுக்கு அவள்மேல் ஒரு மரியாதை உண்டாயிற்று. அதைச் சொல்ல அவனுக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மறுபடியும் சோதனை வைக்கலாமா என்று மட்டும் கேட்டான்.

"வைங்க. ஆனா நானே உக்காருறேன். வேற யாரையாவது வச்சா அவங்களும் உதவுவாங்க. இந்தக் கூடத்துல பக்கத்துல ஒருத்தி முழிச்சா கை கொடுக்காம இருக்க எங்களுக்குத் தெரியாது."

"உங்களால மட்டும் சும்மா இருக்க முடியுமா?"

"காவடிக்கு வாயைக் கட்டிக்கிட்டுப் பால்குடம் தூக்கியிருக்கேன், மூணு வருஷம். ஆத்தங்கரையிலேருந்து கோயில் வரைக்கும் ஒரு சத்தம் வந்ததில்ல. கேட்டுப் பாருங்க."

கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் குரல் அவ்வளவு தூரம் சத்தமில்லாமல் நடந்த அதிசயத்தை ஆலையில் எல்லாரும் அறிவார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தாள். ஒவ்வொரு பெண்ணும் வந்து உட்கார்ந்ததும் வேலையைப் படித்துச் சொல்வாள். பிறகு மஞ்சள் துணி ஒன்றை வாயைச் சுற்றிக் கட்டிக்கொள்வாள். கையில் பென்சில், எதிரே மூன்று பத்தியாகக் கோடு போட்ட தாள். தானாகச் சரியாக முடித்தவர், தவறாக முடித்தவர், முடிக்காமல் விட்டவர். பெண்கள் அவள் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாவது ஆள் எழுந்தபோது முதல் பத்தியில் ஐந்து கோடுகள்தான் இருந்தன.

ஐந்து பேர் முடித்தார்கள். ஏழு பேர் தவறாக முடித்தார்கள்.

ரொஜே தாளைப் பார்த்தார். கெட்ட மனிதர் அல்ல, அவசரக்காரர். "அப்ப அந்த ஏழு பேரை மாத்திடலாம்" என்றார். "அஞ்சு பேர் யாரு? போன வருஷம் சேர்ந்த பொண்ணுங்களா? பாத்தீங்களா, படிச்சதுங்க. அந்த மாதிரி இன்னும் ஏழு எடுத்துக்கலாம்."

மதிப்பெண் மென்பொருளுக்குத்தான், பெண்களுக்கு அல்ல என்று பத்மநாபன் படித்திருந்தான். ஆனால் அதைச் சொன்னால் குற்றவாளி தான்தான் என்று ஆகிவிடும். அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பாக்கியம் துணியை அவிழ்த்துவிட்டாள்.

"மிஸ்யே ரொஜே, ஏழு மெஷின்லேருந்து ஏழு ஸ்வெட்டர் வருது. ஏழுலயும் தோள்பட்டைக்குக் கீழ ஒரே இடத்துல ஓட்டை. நீங்க ஏழு பொண்ணையும் அனுப்புவீங்களா, டிசைனைக் கொடுத்தவரைக் கூப்பிடுவீங்களா?"

"இது வேற."

"வேற இல்ல. ஏழு பேரும் ஒரே இடத்துலதான் தப்பு பண்ணாங்க. இருபத்திரண்டுன்னு அடிக்கற இடத்துல இருபத்தி நாலுன்னு அடிச்சாங்க. ஏன்னு அவங்களைக் கேட்டீங்களா?"

யாரும் கேட்டிருக்கவில்லை. எட்டு மாதமும் பத்மநாபனுக்குப் பக்கத்திலேயே இருந்தும், அவன் கேட்கவே இல்லை என்பதால் அவளும் சொல்லியிருக்கவில்லை. அந்தக் கூடத்தில் கண்ணி விட்ட துண்டு, சரிசெய்யும் மேசைக்குப் போகும். அங்கிருக்கும் பெண்கள் ஊசியால் கண்ணியைப் பிடித்துப் பின்னித் தருவார்கள். மதியத்துக்குள் அது திரும்பி வந்து பண்டலில் சேர்ந்தாக வேண்டும். பதினைந்து வருஷமாக ஒரு துண்டுகூட வராமல் போனதில்லை. குறையாக ஒரு பண்டலை அனுப்புவதை அந்தப் பெண்கள் அவமானமாக நினைத்தார்கள். ஆகவே இரண்டு துண்டு மேசையில் இருந்தாலும் பண்டல் அவர்களுக்கு இருபத்து நான்குதான். புதிதாக வந்த ஐந்து பேருக்கு அந்த வழக்கம் இன்னும் கையில் ஏறவில்லை, கண்ணுக்கு முன்னால் இருந்ததை எண்ணி அடித்துவிட்டார்கள். தெரியாததால் சரியாகச் செய்தார்கள் என்று சொல்லலாம்.

"வேலை நல்லாத் தெரிஞ்சவங்கதான் தோத்திருக்காங்க" என்றாள் பாக்கியம். "அவங்களை அனுப்பிட்டு யாரை வச்சு ஸ்வெட்டர் பாப்பீங்க?"

ரொஜே பத்மநாபனைத் திரும்பிப் பார்த்தார். பத்மநாபன், "தப்பு என்னுது சார்" என்றான். அவன் வாழ்க்கையில் அந்த வாக்கியத்தைச் சொன்னது அதுவே முதல் தடவை என்று அலமு பிற்பாடு சொல்வாள்.

ஒரு வாரம் கிடைத்தது. அதே பன்னிரண்டு பெண்கள், அதே பத்து. பத்து வராவிட்டால் தான் முதலில் சொன்னதுதான் என்றார் ரொஜே.

அந்த ஒரு வாரமும் பத்மநாபன் தன் அறையில் உட்காரவில்லை. சரிசெய்யும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டான். துண்டு எப்போது போகிறது, எப்போது வருகிறது என்று பார்த்தான். திரையில் 'மேசையில் எத்தனை' என்று புதிதாக ஒரு வரி சேர்த்தான். இருபத்திரண்டு கையில், இரண்டு மேசையில், ஆக இருபத்து நான்கு என்று கூட்டிக் காட்டியது திரை. பாக்கியம் வந்து பார்த்தாள். "கொரெக்" என்றாள். சரி என்பதற்கு அங்கே அதுதான் சொல். அவள் வாயிலிருந்து அது சுலபத்தில் வராது.

அடுத்த வெள்ளிக்கிழமை மூன்றாவது சோதனை. பாக்கியம் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். போன தடவை தோற்றவர்கள் இப்போது புதிய வரியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து அடித்தார்கள். பதினொரு பேர் முடிந்தபோது முதல் பத்தியில் ஒன்பது கோடுகள். இரண்டு பேர் பாதியில் விட்டுவிட்டார்கள். கடைசியாக வந்து உட்கார்ந்தவள் பார்வதி.

பத்தாவது கோடு அவள் கையில் இருந்தது. அது அவளுக்கும் தெரியும், வெளியே கண்ணாடிக்குப் பின்னால் நின்ற பெண்களுக்கும் தெரியும்.

பார்வதி நிதானமாக எண்ணை அடித்தாள். அளவை அடித்தாள். கையில் இருபத்திரண்டு, மேசையில் இரண்டு. எல்லாம் சரி. இனி அனுப்பும் பொத்தான்தான் பாக்கி. அழுத்தினாள். திரை கேட்டது: 'நிச்சயமா?'

பார்வதியின் கை பின்னுக்கு வந்தது. அடித்ததையெல்லாம் அழித்தாள். மறுபடி முதலிலிருந்து அடித்தாள், எல்லாம் சரி, அழுத்தினாள். 'நிச்சயமா?' மறுபடி அழித்தாள். பத்மநாபனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆம் என்று ஒரு விசையைத் தட்டினால் முடிந்தது! மூன்றாவது தடவை அந்தக் கேள்வி வந்தபோது பார்வதி அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது.

ஒரு இருமல் போதும். தலையை ஒரு அசைப்பு அசைத்தாலும் போதும். பாக்கியம் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் துணிக்கு மேலே மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது. பென்சிலைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. பார்வதி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். மூன்றாவது பத்தியில் பாக்கியம் ஒரு கோடு போட்டாள். அது கோணலாக விழுந்தது.

கதவைச் சாத்திவிட்டுப் பத்மநாபன் மெல்லச் சொன்னான்.

"பத்துன்னு எழுதிடறேன். அவ எல்லாத்தையும் சரியாத்தானே அடிச்சா. ஒரு தட்டுதான் பாக்கி. யாருக்குத் தெரியப் போகுது?"

பாக்கியம் துணியை அவிழ்த்தாள்.

"நீங்க பத்துன்னு எழுதினா திங்கட்கிழமை அவ அந்த மெஷின் முன்னாடி தனியா நிப்பா. நீங்களும் இருக்க மாட்டீங்க, நானும் இருக்க மாட்டேன். ஒம்போதுன்னு எழுதுங்க."

"எழுதினா அவளை அனுப்பிடுவாரே!"

"தெரியும்" என்றாள். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவள் பட்ட பாட்டைப் பார்க்க முடியாமல் அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு அவளே கேட்டாள். "மத்த ரெண்டு பேரும் எங்க விட்டாங்க, பாத்தீங்களா?"

பார்த்திருந்தான், கவனித்திருக்கவில்லை. அவர்களும் அதே கேள்வியில்தான் எழுந்து போயிருந்தார்கள்.

"அந்தக் கேள்விய யாரு போட்டது?"

"நான்தான், இந்த வாரம் சேத்தேன். தப்பா ஏதாவது அடிச்சிருந்தா யோசிக்கட்டும்னு..."

"எங்க கூடத்துல ஒரு பொண்ணைப் பாத்து மேற்பார்வைக்காரி நிச்சயமான்னு கேட்டா, நீ தப்புப் பண்ணிட்டேன்னு அர்த்தம். சரியாச் செஞ்சவளை யாரும் அப்படிக் கேக்க மாட்டாங்க. நானே அவளை எத்தனை தடவை அப்படிக் கேட்டிருக்கேன்!"

சொல்லும்போது அவள் குரல் முதல் தடவையாக ஆளைவிடச் சின்னதாக இருந்தது.

ஒன்பது என்றே எழுதினான். மூன்று பேரும் விட்ட இடத்தையும் எழுதினான். ரொஜே படித்துவிட்டு, அந்தக் கேள்வியை எடுக்க எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். பத்து நிமிஷம் என்றான் பத்மநாபன்.

"அப்ப இங்க ஏன் நிக்கிறீங்க?" என்றார் ரொஜே. ஆனால் அவரும் விட்டுக்கொடுத்துவிடவில்லை. "திங்கட்கிழமை அந்த மூணு பேரும் லைன்லயே, நிஜப் பண்டல்ல செய்யட்டும். ஒருத்தியாவது செஞ்சா பத்து. அப்புறம் யாரையும் அனுப்பறதப் பத்திப் பேச மாட்டேன். இல்லேன்னா மூணு பேருக்கும் வேற வேலை பாக்கணும்."

திங்கட்கிழமை காலை, கூடத்தில் ஆறு திரைகளும் பச்சை எழுத்தோடு எரிந்தன. மூன்றாவது லைனில் முதல் பண்டலோடு வந்து நின்றவள் பார்வதி. பத்மநாபன் பத்தடி தள்ளித் தூணோரம் நின்றான். ரொஜே மாடிப்படியில் நின்றார். பாக்கியத்தைக் காணவில்லை.

பார்வதி எண்ணை அடித்தாள். அளவு. கையில் இருபத்து மூன்று, மேசையில் ஒன்று. பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு, திரும்பி அக்கா நிற்கும் இடத்தைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். அழுத்தினாள்.

'பண்டல் போய்விட்டது' என்றது திரை. பார்வதி ஒரு வினாடி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த பண்டலை எடுத்தாள்.

பத்மநாபன் பாக்கியத்தைத் தேடிக்கொண்டு ஓடினான். சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

"முடிச்சுட்டா" என்றான்.

அவள் கைகளை எடுத்தாள்.

"நீங்க பக்கத்துல நின்னீங்களா?"

"தூணோரம் நின்னேன்."

"ஒண்ணும் சொல்லலியே?"

"ஒண்ணும் சொல்லல."

"அவளாவே அழுத்தினாளா?"

"அவளாவே அழுத்தினா."

பாக்கியம் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு, கூடம் வரைக்கும் கேட்கிற அந்தக் குரலில், வாய்விட்டு அழுதாள்.